இரண்டாந்தரம்

இரவு பதினொன்றரைக்கு மின்சாரம் மலிவாகும்.
அதுவரை சூளைமுன் உட்கார்ந்து
பொத்தானைத் தொடாமல் இருப்பதும்
என் வேலைகளில் ஒன்று.

வெஸ்ட்ரே தீவில் மரங்கள் இல்லை.
காற்றுக்குப் பற்றிக்கொள்ள
என் கொட்டகைதான் கிடைத்திருக்கிறது.
தகரக்கூரையின் ஒரு மூலையைத்
தூக்கித் தூக்கிப் பார்க்கிறது,
பசித்தவன் பானைமூடியைத் தூக்குவதுபோல.

மண் கர்க்வாலிலிருந்து ஃபெர்ரியில் வரும்.
பன்னிரண்டரைக் கிலோ மூட்டை, இருபது.
புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான்:
"முதலாளி இருக்கிறாரா? கையெழுத்து வேண்டும்."
உள்ளே போய் ஏப்ரனைக் கழற்றிவிட்டு
வெளியே வந்தேன்.

உணவகம் திறக்கப்போகும் எர்லெண்ட்
தொலைபேசியில் சொன்னது இது:
"நாற்பது கிண்ணம். கடல்பச்சை.
எல்லாம் ஒன்றுபோல் இருக்கணும்.
ஆனால் கையால் செய்தது என்று தெரியணும்."
சரி என்றேன்.
சரி என்று சொல்வதற்கும் இங்கே
வேறு ஆள் இல்லை.

நானூற்றைம்பது கிராம், தராசில்.
நாற்பத்தாறு முறை.
ஆறு, சூளை எடுத்துக்கொள்ளும் பங்கு.

பதினேழாவது கிண்ணத்தில்
கைகள் என்னைக் கேட்காமல் ஓடத் தொடங்கின.
முப்பதாவதில் நான் மனசுக்குள்
வெங்காயம், விளக்குத் திரி, பூனைக்கு மருந்து என்று
பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன்.
மண்ணுக்குத் தெரிந்துவிட்டது.
விளிம்பு ஒரு பக்கம்
உதட்டைச் சுழித்துக்கொண்டது.

எங்கள் மின்சாரம் காற்றில் விளைவது.
அதே காற்றுதான் அன்றிரவு
கம்பியை அறுத்தது.
ஆயிரத்து நூறு டிகிரியில் எண்கள் அணைந்தன.
இருட்டில் சூளை மட்டும்
தன் சூட்டை வைத்துக்கொண்டு
டிக், டிக் என்றது.
நான் அதன்மேல் கைவைக்க முடியாத தூரத்தில்
கோட்டு போட்டு நின்றேன்.
மணி ஐந்துக்கு வெளிச்சம் வந்தது.
மறுபடியும் ஏற்றினேன்.
தூங்கவில்லை என்று யாரிடம் சொல்ல?

தொண்ணூறு டிகிரிக்குக் கீழே வராமல்
திறக்கவே கூடாது.
பயிற்சிக்கு வருகிறவர்களிடம்
விரலை ஆட்டி ஆட்டிச் சொல்வேன்.
நூற்றறுபதில் திறந்தேன்.

முப்பத்து மூன்று தேறின.
கீழ்த்தட்டில் இருந்த பதின்மூன்றில்
பச்சை உருகி ஓடவில்லை.
சொரசொரவென்று ஈரச்சாம்பல் நிறம்,
மழை நின்றபின் கூழாங்கல்போல.
எர்லெண்டுக்கு மூன்று கடிதம் எழுதி
இரண்டை அழித்தேன்.

வாசலில் எண்ணெய்ப் பீப்பாய் இரண்டு,
மேலே ஒரு பலகை, ஒரு தகரடப்பா.
இரண்டாந்தரம், ஒன்று ஆறு பவுண்டு.
காசைப் போட்டு எடுத்துக்கொள்ளலாம்.
பதின்மூன்றையும் அடுக்கினேன்.

வியாழக்கிழமை ஒன்று குறைந்திருந்தது.
டப்பாவில் காசில்லை.
பக்கத்தில் செய்தித்தாளில் சுற்றி,
நீல வலைக்கயிற்றால் கட்டி,
இரண்டு நண்டுக்கொடுக்குகள்.
அன்றிரவே வேகவைத்து
பன்னிரண்டில் ஒன்றை எடுத்துவந்து
அதில் போட்டுத் தின்றேன்.

கணக்குப் புத்தகத்தில்
வரவு: நண்டுக்கொடுக்கு, இரண்டு.
அடுத்த கட்டம், மதிப்பு.
வரித்துறைக்கு அதை எப்படிச் சொல்வது என்று
பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
வெண்ணெய் வாசனை அடித்தது பேனாவில்.

திங்களன்று துறையில்
இங்கா ட்ரெவர் படகைக் கழுவிக்கொண்டிருந்தாள்.
எஞ்சின் பெட்டிமேல் என் கிண்ணம்.
அது நிறைய இரைக்கு வெட்டிய கானாங்கெளுத்தி.
ரத்தமும் செதிலும் ஒட்டிய அந்தச் சாம்பல்
எதைத் துடைக்கச் சொல்கிறாய் என்பதுபோல் இருந்தது.

எனக்குக் கொஞ்சம் வலித்தது. அதை மறைக்கவில்லை.

"ஈரக்கையில் வழுக்கவில்லை," என்றாள் இங்கா.
"உன் மற்றதெல்லாம் வழுக்கும்.
இதேபோல் இன்னும் நாலு வேண்டும்.
இதேபோல்."

எர்லெண்டுக்கு ஏழு பாக்கி.
வீட்டில் உருண்டைகள் ஈரத்துணிக்குள் இருக்கின்றன.

"அடுத்த முறை
கரண்டு போனால் சொல்கிறேன்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.
வானத்தை ஒருதரம் பார்த்துவிட்டு,
"புதன்கிழமை," என்றாள்.