ரெண்டாவது பதினாலு

பதினொன்றுக்குப் பிறகு பதின்மூன்று.
மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து.
நடுவே ஒன்றரைக் கிலோமீட்டர் காப்பித் தோட்டம்,
சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக் கொடி,
வளைவு மட்டும் இல்லை.

தாண்டிக்குடி டீக்கடையில் நாங்கள் நாலு பேர்
மாதத்தின் இரண்டாம் ஞாயிறு
இதற்காகவே கூடுகிறோம் என்றால்
வீட்டில் நம்புவதில்லை.
"ரோட்டைப் பாக்கவா ரோட்டுல போறீங்க?"
என்று கேட்ட மனைவிக்கு
ஆமாம் என்பதைத் தவிர
எனக்கு வேறு பதில் தெரியவில்லை.

மீரான் கனிக்கு அது கான்ட்ராக்டர் வேலை.
வளைவை விழுங்கிட்டான் என்பார்.
வளைவை எப்படி விழுங்குவது என்று கேட்டால்
இருபது வருஷம் வாழைத்தார் லாரி ஓட்டிய கைகளை
ஸ்டியரிங்காக ஒடித்துக் காட்டுவார்:
இங்க செகண்ட் கியர், இங்க ஹாரன்,
இங்க மாதாவேன்னு கிளீனர் கத்துவான்.
உடம்புக்கு ஞாபகமிருக்கு தம்பி.

குருநாதன் சர்வேயர், உடம்பை நம்பாதவர்.
கடலை மிட்டாயை ஒடித்து வைத்து
நூற்றெண்பது பாகை திரும்பினால்தான்
கொண்டை ஊசி, மற்றதெல்லாம்
வெறும் திருப்பம் என்றார்.
"கொண்டையப் பத்தி நீங்க பேசக்கூடாது சார்"
என்றாள் ஜெசிந்தா.
அவர் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

ஜெசிந்தா ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ்.
ஒரு மார்கழி ராத்திரி, முன்விளக்கையே தின்கிற பனி,
பனிக்குடம் உடைந்தவளை ஜீப்பில் வைத்துக்கொண்டு
நூற்றெட்டைக் கூப்பிட்டுச் சொன்னாள்:
பதினாலாவது வளைவில் நிற்கிறோம்.
ஆம்புலன்ஸும் வந்து
பதினாலாவது வளைவில்தான் நின்றது.
அரை மணி நேரம்
இரண்டு பதினாலும் ஒன்றையொன்று தேடின.

ஆமாம், பதினாலு இரண்டு.
பன்னிரண்டு தொலைந்த கணக்கை
யாரோ அங்கே நேர்செய்திருக்கிறார்கள்.
பலகை பதினேழு, ரிஜிஸ்டரிலும் பதினேழு,
பில் பாஸ்.

பிள்ளை ஜீப்பிலேயே பிறந்தது.
பிறந்த இடம் என்ற கட்டத்தில் என்ன எழுதினாய் என்றேன்.
"சாலை"
என்றாள், டீயை ஆற்றிக்கொண்டே.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு ஞாயிறு
பதினொன்றில் வண்டிகளை நிறுத்திவிட்டுச் சரிவில் இறங்கினோம்.
உண்ணிச்செடியைப் பிரித்தால் தார்.
வெடித்த பழைய தார், அதன்மேல்
காட்டுமாட்டுச் சாணம் இன்னும் ஈரமாய்.
ஜெசிந்தாவின் கணுக்காலில் இரண்டு அட்டை.
சாலை கொஞ்சம் போய், திரும்பி,
என்றோ சரிந்த மண்ணுக்குள் நுழைந்துவிட்டது.

மீரான் கனி நடுரோட்டில் நின்று
வராத லாரிக்கு ஹாரன் அடித்தார், வாயாலேயே.
குருநாதன் காம்பஸை வைத்துப் பார்த்தார்.
நூற்று எழுபத்து மூன்று.
யாரும் பேசவில்லை.
"ஈரத்துல முள்ளு தடுமாறுது"
என்று சொல்லிவிட்டு நோட்டில்
நூற்றெண்பது என்று எழுதினார்.

மனு போட்டோம், ஏழு மாதம்.
ஒரு பெயின்டரும் ஏணியும் வந்தார்கள்.
பதின்மூன்று பன்னிரண்டானது,
முதல் பதினாலு பதின்மூன்றானது,
இரண்டாவது, ஒரு சொட்டு பெயின்ட் செலவில்லாமல்,
பதினாலாகவே நின்றது.

நின்று என்ன?
மினிபஸ் கண்டக்டர் இன்றும்
"ரெண்டாவது பதினாலு எறங்கு" என்றுதான் கத்துகிறான்.
அங்கே ஒரு டிபன் சென்டருக்கும் அதே பெயர்,
ஒரு காதுகுத்துப் பத்திரிகையிலும் பார்த்தேன்.
மதுரையிலிருந்து வந்த ஒருவர் கேட்டார்,
அப்ப மொத பதினாலு எங்க?
"அது இப்ப பதிமூணு சார்"
என்று சொல்லி விசிலை ஊதினான்.

அடுத்த ஞாயிறுக்கு வேறு விஷயம்.
பாலத்துக்கு இந்தப் பக்கக் கல்லில் பண்ணைக்காடு ஒன்பது,
அந்தப் பக்கக் கல்லிலும் ஒன்பது.
பாலத்துக்கு நீளம் கிடையாது என்கிறாரா அரசாங்கம்?
குருநாதன் டேப்பை எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்.