வழிமொழிந்தவர்

கூட்டறிக்கை எழுதுவது என் வேலை.
பதினெட்டுக் கதிரை. பதினேழில் மண்வெட்டிச் சின்னம்.
மிச்சம் ஒன்றில், காற்றாடி எட்டாத யன்னலோரம்,
சுயேச்சை, மரியகொறற்றி.

முதல் மாதம் அவள் கொண்டுவந்தது
நாவலடிக்குளத்து மதகு.
மாரியில் பிள்ளைகள்
சப்பாத்தைக் கழுத்தில் கொழுவிக்கொண்டு கடக்கிற மதகு.
"முன்மொழிகிறேன்" என்றாள்.
ஒரு கதிரைக் கால் அரைந்தது.
வழிமொழிய ஆளில்லாததை
அறிக்கையில் எழுதத் தேவையில்லை.
பிளேன்டீ வந்தது.

இரண்டாம் மாதமும் அதே மதகு,
அதே பிளேன்டீ.

மூன்றாம் மாதம் பார்வையாளர்கள் வந்தார்கள்,
கழுத்தில் அட்டை தொங்க.
தவிசாளர் கண்ணைக் காட்டினார்.
இராசநடேசன் எழும்பினார்: "வழிமொழிகிறேன்."
நாற்பது நிமிட விவாதம், நல்ல தமிழில்.
எதிர்த்துப் பேசியவர்களில்
இராசநடேசனும் ஒருவர்.
ஒன்றுக்குப் பதினேழு.
அட்டைக்காரர் ஏதோ குறித்துக்கொண்டு
மாங்குளம் பக்கம் போனார்கள்.

குறை சொல்ல எனக்கு வாயில்லை.
நானும் மண்வெட்டிக்குத்தான் போட்டேன்.
நாங்கள் திரும்பிவந்த வருசம்
தறப்பாளுக்குள் குனிந்து
"எத்தனை பேர் மிச்சம்?" என்று கேட்டது
அவர்கள் மட்டும்தான்.
அந்த ஒரு கேள்விக்கு
இன்னும் எத்தனை தேர்தல் கட்டவேண்டும்
என்று ஒருவரும் சொல்லவில்லை.

எங்கட ஊரில் தேர்தல்
வாக்குப்பெட்டி வரமுதலே முடிந்துவிடும்,
வேட்புமனுக் கிழமையில்,
கட்சிக் காரியாலயத்தின் பின்னறையில்.
வாசலில் கிடக்கிற செருப்புகளை எண்ணினால் போதும்,
ஆர் வெல்லுவார் என்று தெரியும்.
இந்தமுறை ஒரு சோடி
உள்ளே போகாமலே நின்றது,
கால்களோடு.
பின்னேரம் மட்டும் நின்றார் இராசநடேசன்.
பட்டியலில் அவருடைய மருமகனின் பெயர்.

சபை கலைய இன்னும் ஒரு கூட்டம் இருந்தது.
அவர் தன் கதிரையைத் தானே இழுத்து வந்து
யன்னலோரம் போட்டார்.
சீமெந்தில் இரண்டு கீறல்.

மரியகொறற்றி எழும்பினாள்.
மதகு.
"வழிமொழிகிறேன்" என்றார், இந்தமுறை
தவிசாளர் பக்கம் பாராமல்.
பதினாறுக்கு இரண்டு.
எழுதிவிட்டேன், இரண்டு பெயரையும்
ஒன்றின்கீழ் ஒன்றாய்.

அவள் கோப்பைக் கட்டிக்கொண்டு
மெதுவாய்க் கேட்டது எனக்கும் கேட்டது:
"இண்டைக்கு ஆர் அண்ணை கண்ணைக் காட்டினது?"

அவர் காற்றாடியைப் பார்த்தார்.
தேத்தண்ணி வந்தது.
ஒன்று குறைவாய்.