நாலடித் தடம்

படிவத்தில் 'பயிற்றுநர் பெயர்' என்றொரு வரி.
ரூபாவதி என்று எழுதினேன்.
அடுத்த வரி 'உறவு'.
அங்கேதான் பேனா நின்றுவிட்டது, ரூபாக்கா.

மனுதாரர் என்று எழுதலாமா?
அவிநாசி தாலுக்கா ஆபீசுக்குப் போன தாளில்
பதினோரு கையெழுத்து, ஏழாவது உங்களுடையது.
எதிர்மனுதாரர் ஒரே ஆள்:
சென்னியப்பன், என் அப்பா.

எங்கள் பொடக்காளிக்கும் கிட்டுசாமி மாமன் தறிக்கூடத்துக்கும் நடுவில்
நாலடி அகலம்.
அக்கட்டக் காலனியிலிருந்து
பனியன் கம்பெனி வேனைப் பிடிக்க ஓடுகிறவர்கள்,
சைக்கிளில் பால் கேன், பள்ளிக்கூடப் பைகள்,
ஒரு மழை ராத்திரி
பிரசவத்துக்குத் தூக்கிப்போன கட்டில்
எல்லாம் அதில்தான்.
"எம்பட பட்டாவுல தடமே இல்லீங்" என்றார் அப்பா.
ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில்
கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்தார்.
சோத்துக்குக்கூட எந்திரிக்கவில்லை.
மோர்ச் சொம்பு கொண்டுபோய்க் கொடுத்தது நான்.
அதையும் எழுதிவிட வேண்டும்.

எனக்குப் பதினாலு வயது,
கிளாரினெட்டில் ஆறு மாசம்.
உங்களுக்கு முப்பதுகூட ஆகவில்லை.
பகலெல்லாம் சாயப்பட்டறை லேப்பில் கலர் பார்ப்பீர்கள்,
முகூர்த்த நாளில் பேண்டு செட்.
இரண்டாம் வரிசையில் ஒரே பொம்பளை,
தலைக்குப் பெரிசான தொப்பி,
நகக்கண்ணில் நேத்தைய ஆர்டரின் நீலம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கிளாசுக்கு நான் வரவில்லை.
எப்படி வர?
ஏழு மணிக்குக் கம்பிக்கு அந்தப்பக்கம் டார்ச் வெளிச்சம்.
"ரீடை நனைச்சுட்டியா?"

அவ்வளவுதான் கேட்டீர்கள்.

எட்டு மாசம் அப்படியே.
நோட்டுத் தாளைத் துணிக் கிளிப்பில் மாட்டினோம்;
அப்பா இழுத்துக் கட்டிய கம்பிதான்
நமக்கு மியூசிக் ஸ்டாண்டு.
கொசு, தறிச் சத்தம், யார் வீட்டிலோ கருவாடு.
"மேல போறப்பத் தோளைத் தூக்காத கண்ணு.
தொண்டையை அடைச்சுட்டா
காத்து எந்தத் தடத்துல போகும்?"
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டீர்கள்.
நான் சிரித்துவிட்டேன்.
உள்ளே அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

இன்னொரு செவ்வாய், நீங்கள் காய்ச்சலில் கிடந்தபோது,
அதே டி.வி.யைக் குறைத்துவிட்டு
"என்ன, இன்னிக்குக் காணோம்" என்றார்
யாரையும் பார்க்காமல்.

சர்வேயர் வந்தார்.
ஜீப் முன்னால் புலப்படத்தை விரித்தார்.
டேப்பைப் பிடிக்க ஆளில்லை;
ஒரு முனை உங்கள் கையில், மறு முனை என் கையில்.
"நாலடி ரெண்டங்குலம்."
வாக்குமூலம் கேட்டபோது
அப்பாவை நேராகப் பார்த்துத்தான் சொன்னீர்கள்:
"வெவரம் தெரிஞ்ச நாளா இதுலதானுங்க நடக்கறோம்.
இவரும் நடந்திருக்காருங்க.
கம்பி போட்டது தப்புங்க."
ஒரே மூச்சு, நடுவில் பிசிறில்லை.

அன்றும் செவ்வாய்.
அன்றும் ஏழு மணிக்கு டார்ச்.
உங்களை முறைத்துக்கொண்டே ஊதினேன்.
நீங்கள் திருத்தியது
தப்பிப்போன ஒரு சுரத்தை மட்டும்.

இப்போது கம்பி இல்லை.
கல்லுக்கால் ஒன்று பாக்கி,
பால்காரர் சைக்கிள் தினமும் அதில் இடிக்கும்.
நாலடியில் நீங்களும் அப்பாவும் எதிரெதிரே வந்தால்
ஒருத்தர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும்.
யார் என்று நான் இன்னும் கேட்கவில்லை.

மோர்ச் சொம்போடு நான் போனதை
நீங்கள் பார்த்தீர்கள், அக்கா.
வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தீர்கள்.
இந்த ஏழு வருஷத்தில் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை.
மூச்சுக்கும் விரலுக்கும் நன்றி சொல்ல
வேறு நாள் வரும்.
இன்றைக்கு அதற்கு.

கோயமுத்தூர் ஹாலில் வரிசை நீளம்,
பின்னால் நிற்கும் பையன் இருமுகிறான்.
'உறவு' என்ற இடத்தில்
பக்கத்து வீடு என்று எழுதினேன்.
அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார்.
அளந்து பார்க்கட்டும்.