பன்னிரண்டடி மலை

அறுபதாயிரத்துக்கு மலைச் சைக்கிள் வாங்கினவன்
பாபநாசம் பக்கத்தில் நான் ஒருத்தன்தான்.
மலை எங்கே என்று கேட்காத ஆள் இல்லை.

இருக்கிறது.
குடமுருட்டியின் தென்கரை, மதகுக்கு மேற்கே,
மணல் லாரி இறங்கி இறங்கி அறுத்த சரிவு.
டேப் வைத்து அளந்தேன், பன்னிரண்டடி.
நாணல் வேரையும் சேர்த்தால் பதிமூன்று.

நிறம் இதயத்துல்லா போட்டது.
என்னோடு ஃபிட்டர் படித்துப் பாதியில் நின்றவன்,
அய்யம்பேட்டையில் மினி பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிக்கிறான்.
பழைய பந்தயக் கார் படத்தைப் போனில் காட்டினேன்:
வெளிர்நீல உடம்பு,
நெற்றியிலிருந்து வால்வரை ஆரஞ்சுப் பட்டை.
"நீலம் பஸ்ஸுக்கு அடிச்சதுல மிச்சம் இருக்கு.
ஆரஞ்சு, அறுப்பு மிஷின் டப்பாவுல அரை லிட்டர்."
மூன்று இரவு. கம்ப்ரஸர், கொசுவத்தி, தின்னர் வாடை.
ஈரப் பட்டையில் கொசு ஒன்று ஒட்டிக்கொண்டது,
அதன் மேலேயே லாக்கர் அடித்துவிட்டான்.
இன்னும் இருக்கிறது, பறக்கிற மாதிரி.

கைப்பிடிக்கு முன்னால் வெள்ளை வட்டம் போட்டு
என்ன நம்பர் என்றான்.
எனக்கு முன்னாலும் பின்னாலும் ஓட்டுகிறவன் எவனும் இல்லை.
காலியாக விடச் சொன்னேன்.

கல்லணை திறந்தாயிற்று, விடிந்தால் தண்ணீர் என்றார்கள்.
வைகாசி முழுக்க மண்வெட்டியால் நான் கட்டிய மேடு,
குதித்து இறங்கும் மணல்,
எல்லாம் இனி தை வரை ஆற்றுக்கு.

இருட்டு பிரியும்போது போனேன்.
சீட்டை இறக்கினேன். பெடலில் நின்றேன்.
சரிவு வயிற்றை முதலில் எடுத்துக்கொண்டது,
உடம்பைப் பிறகு.
மேட்டின் உதடு துப்பியது.

மேலே
சத்தமே இல்லை.
எதிர்க்கரைக்கு அப்பால் பம்ப்செட் நாற்றங்கால்,
அதில் ஒரு கொக்கு,
தட்டையாய்க் கிடக்கும் என் நாடு
முதல்தடவை எனக்குக் கீழே.
ஆள் உயரம்கூட இல்லை. போதும்.

குடத்தை உருட்டின ஆறு, என்னையா விடும்?
முன்சக்கரம் புதைந்தது.
எழுந்ததும் முழங்கையைப் பார்க்கவில்லை.
பட்டையில் ஒரு சாண் கீறல்,
அடியில் பிரைமரின் செம்மண் நிறம்.

அப்போது மேற்கு வளைவில் ஒரு சரசரப்பு.
நுரை, வைக்கோல், ஒற்றை ரப்பர் செருப்பு,
இதையெல்லாம் தள்ளிக்கொண்டு
மனிதன் நடக்கும் வேகத்தில் வந்தது தண்ணீர்.
சைக்கிளைத் தோளில் போட்டு ஏறினேன்.
ஏறுகிறவனுக்கு அது நிஜமாகவே மலை.
பாதியில் கால் வழுக்கி
பின்சக்கரம் நனைந்தது.

தண்ணீர் பார்க்க மதகில் கூட்டம், பூவும் கையுமாய்.
இதயத்துல்லாவும் நின்றான்.
"அந்த அரை லிட்டருக்கு மிஷின்காரன் காசு கேக்கறான்."
கீறலைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.
வெள்ளை வட்டத்தின் சேற்றைக் கைலி நுனியால் துடைத்துவிட்டு,
"ரெண்டுன்னு போட்டுடட்டா?" என்றான்.