ரெய்டு பூஜ்யம்

லேமிங்டன் ரோட்டில் மழைக்கு ஒதுங்கிய கடையில்
கிரீட்பாய் இரண்டு பெட்டிகளைக் கண்ணாடிமேல் வைத்தார்.
ஒரே கம்பெனி, ஒரே மாதம் பிறந்தவை,
சீரியல் எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் வேறு.
மிரரா, ஸ்ட்ரைப்பா என்றார்.
வேகம் வேண்டும் என்றேன்.
பில் எழுதிய கையை ஒரு நொடி நிறுத்தி
"ஒண்ணு போனா ரெண்டும் போகும்" என்று தன் இந்தியில் சொன்னவர்
ஜிஎஸ்டியைக் கூட்டப் போய்விட்டார்.

இரவு நாகர்கோவிலிலிருந்து மாமனார் போன்.
என்னம்மா பண்ணுதே?
வீட்டில் ரெய்டு போடுகிறேன் மாமா.
அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை.
பிறகு மெல்ல,
"ஜெபசிங் எங்கயும் கை நீட்டிட்டானா?"

விளக்கினேன். அவருக்குப் புரிந்தது பாதி.
எனக்கே தெரிந்ததும் அவ்வளவுதான்.

அன்டாப் ஹில், நாலாவது மாடி.
கேபினெட்டைக் கழற்றித் தரையில் கிடத்தி
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
எட்டுத் திருகாணியில் ஏழைப் போட்டேன்.
எட்டாவது கட்டிலுக்கடியில் உருண்டது; இருக்கட்டும்.
எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்றது திரை.
அழிய ஒன்றுமே இல்லாத புது டிஸ்க்குகளை வைத்துக்கொண்டு
இதை ஏன் இத்தனை சிவப்பாகக் கேட்க வேண்டும்?
துண்டு எவ்வளவு பெரிது என்பது அடுத்த கேள்வி.
மீன்காரியும் கேட்பாள், குழம்புக்கா பொரிக்கவா என்று.
அவளிடம் பதில் சொல்வது சுலபம்.
நூற்றிருபத்தெட்டு என்று தட்டினேன்.

முலுண்டில் எடுத்த கல்யாணத்தை உள்ளே விட்டேன்.
ஒரு துண்டு இதில், அடுத்தது அதில்,
மணப்பெண்ணின் இடது கம்மல் இங்கே, வலது அங்கே
என்று நானாக நினைத்துக்கொண்டேன்.
நாலு கேமராவும் ஒருசேர ஓடின.
மாலை மாற்றும் இடத்தில் எப்போதும் திக்கும்,
திக்கவில்லை.
யாருமில்லாத அறையில் ஒரு தடவை கைதட்டினேன்.

ஒரு மணிக்கு ஒரு விஷமம் தோன்றியது.
அணைத்து, ஒன்றின் ஒயரை மட்டும் பிடுங்கி
மறுபடி போட்டேன்.
பாதியாவது வரும் என்று நினைத்திருந்தேன்.
ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நிற்பதுபோல
கோடு கோடாய் ஒரு பெண்,
விட்டு விட்டுக் கேட்கும் மேளம்.

பாதி இல்லை.
எதுவுமே இல்லை.
ஒரு குறையுமில்லாத இன்னொரு டிஸ்க்
தான் யாரென்று சொல்லத் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது.
சயானில் தண்டவாளம் மூழ்கிய நாளில்
தாணேயில் வெயில் காய
வண்டி மட்டும் வராமல் நிற்பார்களே,
அந்த முகம் அதற்கு.

ஒயரைச் செருகினேன். எல்லாம் திரும்பி வந்தது.
விட்ட இடத்திலிருந்து சிரித்தாள் அந்தப் பெண்.
எனக்குத்தான் கை நடுங்கியது.

ஆஸ்பத்திரி நைட் டூட்டி முடிந்து
ஏழரைக்கு ஜெபசிங் வந்தான், சாக்ஸ் சொட்டச் சொட்ட.
இரவு அவனுக்கு, பகல் எனக்கு,
நடுவில் இருபது நிமிடம்.
பதினாலாம் படுக்கைக்காரர் பற்றி அவன் ஒரு துண்டு சொன்னான்.
தொலைந்த திருகாணி பற்றி நான் ஒரு துண்டு.
இதையும் அதையும் பொருத்திப் பார்க்கக் கூடாது
என்று சொல்லிக்கொண்டே டீயை ஆற்றினேன்.
என்ன அது கறகறவென்று? என்றான்.
புதுசு, என்றேன். ரெண்டு.

மெமரி கார்டுகளை அழித்து
சனிக்கிழமை சாவந்திடம் தருவதாகப் பேச்சு.
அழிக்கவில்லை.
ஜிப் கவரில் போட்டுத்
துவரம்பருப்பு டப்பாவின் அடியில் புதைத்தேன்.
சாம்பார் வைத்தால் பார்த்து அள்ளு, என்றேன் அவனிடம்.
பாதித் தூக்கத்தில் கேட்டான்,
எத்தனை விசில்?