ஐந்து நூல்கள்

வூச் நகரத்து டிராம்களுக்கு
இருக்கைத் துணி கேட்டு வந்த கடிதத்தில்
மூன்றே நிபந்தனைகள்:
தேயக்கூடாது.
தீப்பற்றக்கூடாது.
அழுக்குத் தெரியக்கூடாது.
அழகைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஹல்ஷ்கா அதை ஜன்னலில் ஒட்டிவிட்டு
பியோனி வரையப் போய்விட்டாள்.

ஜூன் மாதம். சந்தையில் பேரம் பேசி வாங்கிய கட்டு
ஊறுகாய் ஜாடியில் நிற்கிறது.
மொட்டுகளில் எறும்பு.
தாளை நனைக்கிறாள். காத்திருக்கிறாள்.
ஈரத்தின் பளபளப்பு மங்கும் அந்த ஒரு கணத்துக்காக
வயல் நடுவே நாரை மாதிரி நிற்கிறாள்.
பிறகு தூரிகையின் நுனி.
சிவப்பு தானாகவே நடந்து போகிறது,
எங்கே நிற்பது என்று யாரையும் கேட்காமல்.

நான் தறிக்காரன். அதாவது
தறிக்குக் கணினியில் கட்டளை எழுதுகிறவன்.
என்னிடம் இருப்பது ஐந்து நூல்கள்.
அவளுடைய ஒரே இதழில் எத்தனை சிவப்பு என்று
எண்ணத் தொடங்கி
நாற்பதில் நிறுத்திக்கொண்டேன்.

முதல் மாதிரியில் பியோனி
முட்டைக்கோஸ் ஆயிற்று.
இரண்டாவதில், விபத்து நடந்த இடம்.
மூன்றாவதைத் தடவிப் பார்த்து
மேலாளர் வித்தோல்டா கேட்டார்:
"இந்தப் பூவின் மேலா நான் உட்கார வேண்டும்?"

நியாயமான கேள்வி.
பூவை மேசையில் வைக்கலாம், கல்லறையில் வைக்கலாம்,
முகம் திருப்பிக்கொண்டவள் கையில் வைக்கலாம்.
உட்கார யாருக்கு மனம் வரும்?

போதாததற்கு, துணிக்கென்று ஒரு சட்டம்:
அறுபத்திரண்டு சென்டிமீட்டருக்கு ஒருமுறை
பூ தன்னையே சந்தித்தாக வேண்டும்.
வலது ஓரம் இடது ஓரத்தோடு
தையல் தெரியாமல் கைகுலுக்க வேண்டும்.
தண்ணீருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

பியோனி முடிந்து டேலியா வந்துவிட்டது.
கெடு, பதினோரு நாள்.
மழையோடு அவள் அறைக்குள் நுழைந்த நான்
யோசிக்காமல் குடையை மடக்கினேன்.
பாதி காய்ந்த டேலியா மேல்
சொட்டு.

"ஐயோ" என்று துடைக்கப் போன கையை
அடித்துத் தள்ளினாள்.
இருவரும் குனிந்து பார்த்தோம்.
புதிய நீர் பழைய நிறத்தைத்
தள்ளிக்கொண்டு போனது, கூட்டம் விலக்குவதுபோல.
களைத்து நின்ற இடத்தில்
ஒரு கறுத்த விளிம்பு,
பல் பல்லாய், ஏரிக்கரை வரைபடம்போல.

"பூவை விடு," என்றாள். "இதை நெய்."

இதழ்களை வெட்டி எறிந்தாள். காம்பை எறிந்தாள்.
விளிம்புகள் மட்டும் மிஞ்சின,
ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும்.
விளிம்புக்கு ஐந்து நூல் தாராளம்.
ஒன்று மீந்தே போயிற்று.
பூ எழுந்து போய்விட்டது,
நார் மட்டும் மணக்கிறது.

நேற்றுப் பன்னிரண்டாம் எண் டிராமில்
ஒரு பையன் ராஸ்பெரி பானத்தைக் கொட்டிவிட்டான்.
அம்மா திரும்புவதற்குள்
குல்லாயால் துடைக்கத் தேடினான்:
எது அவனுடைய கறை, எது எங்களுடையது?
கடைசியில் எல்லாவற்றையும் துடைத்தான்.
நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

ஹல்ஷ்கா டிராமில் ஏறுவதில்லை. சைக்கிள்காரி.
மூன்றாவது நூலில் பச்சை குறைவு என்று
இன்னும் என்னோடு சண்டை.
இன்று காலை தொலைபேசியில், அவசரமாக:
"ஒரு ஓட்டலுக்குத் திரைச்சீலை. குடையோடு வா."
"வெளியே வெயில்," என்றேன்.
"குழாயில் நனைத்துக்கொண்டு வா."

போனேன். மூன்று முறை உதறிப் பார்த்தோம்.
தாள் நனைந்தது.
அவ்வளவுதான்.