ஒரு பெட்டி, ஓர் அட்டை, ஒரு முட்டை

வின்னிபெக். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
முட்டை தரம் பிரிக்கும் ஆலையில்
அதிகாலை மூன்றரைக்கு பெல்ட் நின்றுபோனது.

ஏஜென்சி என்னை அனுப்பி நாலாவது இரவு.
சுவர்ப் பட்டியலில் அச்சடித்த பன்னிரண்டு பெயர்கள்,
அடியில் பேனாவால் என் பெயர்,
அதுவும் ஓர் எழுத்துக் குறைந்து.

இங்கே பத்துக்கு மரியாதை கிடையாது.
பன்னிரண்டு நிறைந்தால் அட்டை,
பன்னிரண்டு அட்டை நிறைந்தால் பெட்டி.
கட்டைவிரல் மற்ற நாலு விரல்களின் கணுக்களில்
மும்மூன்றாக ஏறி இறங்கும்.
படித்த கணிதப் பட்டம் பெட்டியில் கிடக்க
கை புதிதாய் எண்ணப் பழகியது.

"கிடப்பதை எடுத்துக்கொண்டு போங்கள்," என்றார் டாரில்.
"சமமாக. சண்டை வேண்டாம்."

எண்ணினோம்.
ஒரு பெட்டி.
ஓர் அட்டை.
ஒரு முட்டை.

ரோசலிண்டா தாளில் 157 என்று எழுதினாள்.
நான் கையுறையின் முதுகில் 111 என்று எழுதினேன்,
பனியில் நட்ட மூன்று கம்பங்கள் போல.
எட்டிப் பார்த்த ஒக்சானா
"மூன்று முப்பத்தேழு, சுலபம்தானே," என்றாள்.
பத்தின் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்.
பன்னிரண்டின் கண்ணுக்கு அதில் கத்தி வைக்க இடமில்லை.
சட்டை மாறினால் எண்ணுக்கு எலும்பு மாறுமா?
இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று
எல்லாம் வந்து முட்டிப் பார்த்துத் திரும்பின.

பகா எண்.
பகு என்றால் பங்கு வரும், பகிர்வு வரும்,
பகை வரும், பகலும் வரும்.
பகாததற்கு இரவு வேலைதான்.

பன்னிரண்டு பேர் என்றால்
ஆளுக்குப் பதின்மூன்று, ஒன்று மிச்சம்.
பதின்மூன்று பேர் என்றால்
ஆளுக்கு ஓர் அட்டை, ஒன்று மிச்சம்.
என்னைச் சேர்த்தாலும் ஒன்று.
என்னை விட்டாலும் ஒன்று.

யாரும் விடவில்லை.
பதின்மூன்று அட்டைகள் கை மாறின.
மிச்சத்தை ரோசலிண்டா
என் கம்பளிக் கையுறைக்குள் நழுவவிட்டாள்.
"புது ஆளுக்கு."

பஸ்ஸில் அதைப் பொத்திப் பிடித்தபடியே வந்தேன்,
உறைந்தால் ஓடு வெடிக்கும் என்று யாரோ சொன்னதால்.
சார்ஜென்ட் அவென்யூவில் இறங்கி
அடித்தள வீட்டுப் படிகளில் வழுக்காமல் இறங்கி
எண்ணெய் காய்ந்ததும் உடைத்தேன்.

இரண்டு மஞ்சள் கரு.

ஆலையின் ஒளிவிளக்கையே ஏமாற்றிவிட்டு
உள்ளே ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இருந்திருக்கின்றன.
அப்படியென்றால் 158.
என் கையுறையில் இருந்திருக்க வேண்டியது 112.
அவ்வளவு இறுமாப்பாய் நின்ற எண்
இரட்டைப்படையாம், சனியன்.

அடுத்த அறையில் ஹெர்மோன்.
ஃபிரிட்ஜின் நடுத் தட்டு யாருக்கு என்ற தகராறில்
மூன்று வாரமாய்ப் பேச்சில்லை.
அவளுக்கு ஆறு மணிக்கு வேலை,
இப்போது விழித்திருப்பாள்.

அடுப்பைத் தணித்துவிட்டு
கதவைத் தட்டினேன்.